பந்தலைச் சுற்றி வந்த கோல்

கால்பந்து ஆடியவர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். வாழ்க்கையில் போட்ட சிறந்த கோல் எது? ஒருவர் கடைசி நிமிடத்தில் தலையால் முட்டியதைச் சொல்வார். இன்னொருவர் பாதி மைதானத்திலிருந்து அடித்ததாகச் சொல்வார் (வருடத்துக்கு வருடம் அந்தத் தூரம் கூடிக்கொண்டே போகும்). நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு டீ குடிப்பேன். ஏனென்றால் என் கோல்களிலேயே பேர்போன கோல், கோலே இல்லை. அதைப் போட்டுவிட்டு நான் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஓடியபோது மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்தக் கதையை நான் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் வீட்டில் அதைச் சொல்வதற்கென்றே ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வதில் பாதி உண்மை இல்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் காரிமங்கலம் சந்தைத் திடலின் ஓரத்தில் என் அத்தாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பழைய சாக்குக் கடை. புளி, நிலக்கடலை, கேழ்வரகு என்று மூட்டை கட்டுகிற சரக்கு எது விளைந்தாலும் விவசாயிகள் எங்கள் கடைக்கு வந்துதான் ஆகவேண்டும். நான் நடக்கக் கற்றதற்கும் உதைக்கக் கற்றதற்கும் நடுவே பெரிய இடைவெளி இல்லை என்று அம்மா சொல்வார். தகர டப்பா, மாங்கொட்டை, வாடிக்கையாளர் கழற்றிவிட்ட செருப்பு என்று காலில் பட்டதெல்லாம் பறந்தது. ஒருநாள் எடைக்கல்லையும் உதைத்தேன். கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிய அன்றுதான் அத்தா மனம் இரங்கி, கிழிந்த சாக்குத் துண்டுகளைச் சுருட்டி, கோணி ஊசியால் தைத்து, ஒரு பந்து செய்து கொடுத்தார். அதை உருண்டை என்று சொல்ல முடியாது. வடக்கே உதைத்தால் கிழக்கே போகும். அதைத் துரத்தித் துரத்தியே எந்தப் பக்கமும் சட்டென்று திரும்புகிற கால் எனக்கு வந்தது.

சந்தை இல்லாத நாட்களில் திடல் எங்களுடையது. மாடு கட்டுகிற முளைகளும் கடைக்காரர்கள் விட்டுப்போன கற்களும் அப்படி அப்படியே கிடக்கும். இப்போது பயிற்சி மையங்களில் பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்து, அதற்கு நடுவே பந்தைத் தட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். எங்களுக்கு மாட்டு முளைதான் கூம்பு. தடுக்கினால் முன்பல் போகும் என்பதால் பாடம் சீக்கிரம் ஏறியது. சந்தை நாளிலும் ஆட்டம் நிற்காது. காளைக்கும் வியாபாரிக்கும் நடுவே, பின்னோக்கி வருகிற லாரிக்கும் தக்காளிக் கூடைக்கும் நடுவே பந்தைக் கொண்டுபோய் மறுமுனையில் கோல் போட்டுவிட்டு வருவோம். திட்டு வாங்குவதும் ஆட்டத்தில் சேர்த்திதான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஆட்டத்தில் அவுட் என்பதே கிடையாது. பந்து எங்கே போகிறதோ ஆட்டமும் அங்கே போகும். புளி மண்டிக்குள் போனால் புளி மண்டிக்குள் ஆடுவோம். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் போனால் அங்கே படுத்துக்கொண்டு ஆடுவோம். போலீஸ் ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள் போனால் மட்டும் ஆட்டம் முடிந்தது, அவரவர் வீட்டுக்கு ஓடவேண்டியது. விசிலும் கிடையாது. திடலை ஒட்டித்தான் பஸ் நிற்கும் இடம். தருமபுரி பஸ்ஸிலும் கிருஷ்ணகிரி பஸ்ஸிலும் கண்டக்டர்கள் நாள் முழுக்க ஊதிக்கொண்டே இருப்பார்கள். விசில் சத்தத்துக்கு எங்கள் காது எப்போதோ செத்துப்போயிருந்தது.

எட்டாம் வகுப்பு முடிந்த கோடையில் எனக்கு ஒரு விபத்து நடந்தது. வளர்ந்துவிட்டேன். மாம்பழ சீசன் தொடங்கும்போது என் கூட்டாளி மாதேஷின் தோள் உயரம் இருந்தவன், சீசன் முடியும்போது அவன் உச்சந்தலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். வளர்ந்தது முழுக்கக் கால்தான். அது என்னுடையது மாதிரியே இல்லை. பந்தை உதைக்கப் போய் முளையை உதைத்தேன். பாஸ் கேட்டுக் கத்தினால் சொல்லின் முதல் பாதி என் குரலிலும் மறுபாதி அம்மா குரலிலும் வந்தது. நேற்றுவரை ஆள் பிரிக்கும்போது முதலில் அழைக்கப்பட்டவனை, "சரி, நீயும் வந்து தொலை" என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். அழுதிருக்கிறேன் (மீசை அரும்பியிருந்ததால் மண்டிக்குப் பின்னால் போய் அழுதேன்). பல மாதம் கழித்துத்தான் காலும் நானும் சமாதானம் ஆனோம். ஆனபிறகு, முன்பு எட்டாத பந்தெல்லாம் எட்டியது. இரண்டு எட்டு வைத்தால் ஆளைத் தாண்டியிருப்பேன். திடலில் என்னைப் பிடிக்க ஆளில்லை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதே கால்கள் அத்தாவின் கண்ணுக்கு வேறு மாதிரி தெரிந்தன. மகனுக்கு மூட்டை தூக்குகிற உயரம் வந்துவிட்டது.

"ஒம்பதாவதோட போதும்டா. கடையப் பாத்துக்க ஆள் வேணும். பந்தா சோறு போடப்போவுது?" என்றார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பள்ளி பி.டி. சார் கடைக்கு வந்தார். தருமபுரியில் மாவட்டப் பள்ளி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், உங்கள் பையனையும் மாதேஷையும் கூட்டிப்போகிறேன் என்றார். சாருக்குத் தெரிந்தது மார்ச் பாஸ்ட் மட்டும்தான். கால்பந்தைப் பற்றி அவருக்கு இருந்த அறிவு, அது உருண்டையாக இருக்கும் என்பதோடு சரி. ஆனாலும் எங்களுக்காகக் கடை ஏறி வந்து பேசினார். அத்தா கொஞ்ச நேரம் சாக்கை உதறிக்கொண்டே இருந்தார்.

"சரிங்க சார், ஒரு வாட்டி போவட்டும்" என்றவர் என் பக்கம் திரும்பினார். "அவுங்க உன்ன எடுத்தாங்கன்னா ஆடு, நான் ஒன்னும் சொல்லல. எடுக்கலன்னா மறுநா காத்தால கடையில வந்து உக்காந்துரு. அப்புறம் பந்துன்னு வாயத் தொறக்கக் கூடாது."

என் அத்தா சொன்ன சொல்லை மாற்றியதாகச் சந்தையில் யாருக்கும் ஞாபகம் இல்லை. அவரிடம் பேரம் பேசுகிறவர்களே கிடையாது. அவர் இல்லை என்றால் இல்லைதான். எனவே அந்த ஒரு நாளில் நான் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயுளுக்கும் கோணி ஊசிதான்.

தருமபுரிக்குப் போய் இறங்கினால், வாழ்க்கையில் முதல்முறையாகக் கோடு போட்ட மைதானம். சுற்றிலும் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்புத் தூள். நடுவில் ஒரு வட்டம். ஒரு பக்கம் நீளமாகப் பந்தல், அதில் நாற்காலிகள். மாதேஷ் என் சட்டையை இழுத்தான்.

"எதுக்குடா இத்தன கோடு?"

எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது (எதுவும் உடனே விளங்கிவிடுவதுதான் என் வியாதி). எங்கள் ஊருக்கு மந்திரியோ கலெக்டரோ வருகிறார் என்றால், முதல்நாளே ரோட்டின் இரண்டு பக்கமும் இப்படித்தான் சுண்ணாம்புக் கோடு போடுவார்கள். கோடு பளிச்சென்று இருந்தால் பெரிய ஆள்.

"யாரோ பெரிய ஆளு வர்றாருடா. நம்மூர்ல ரெண்டு பக்கந்தான் போடுவாங்க. இங்க பாரு, நாலு பக்கமும் போட்டிருக்காங்க."

"நடுவுல வட்டம்?"

"அங்கதான் அவர நிக்க வெச்சி மால போடுவாங்க."

"கோலுக்கு முன்னாடி கட்டம் கட்டமா இருக்குதே?"

"அது அவரு கூட வர்றவங்களுக்கு."

சற்று நேரத்தில் ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து இறங்கினார். அவரை நேராக நடுவட்டத்துக்கு அழைத்துப் போய் மாலை போட்டார்கள். மாதேஷ் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த மரியாதையை அதற்கப்புறம் நான் யாரிடமும் கண்டதில்லை.

அதிகாரி பந்தை லேசாகத் தட்டி ஆட்டத்தைத் தொடங்கிவைத்துவிட்டுப் பந்தலில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு முதல் ஆட்டமே எங்களுடையது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, காரிமங்கலம் பையன்கள் ஒரு பக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி பையன்கள் எதிர்ப்பக்கம் (அந்த ஊர்களும் அப்போது எங்கள் மாவட்டம்தான்). அவர்கள் பூட்ஸும் முழங்கால்வரை சாக்ஸும் போட்டிருந்தார்கள். ஓசூர்ப் பையன்கள் தங்களுக்குள் கன்னடத்தில் பேசிக்கொண்டது எங்களுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. நான் பந்தல் இருந்த பக்கத்தில் நின்றேன். பி.டி. சார் கடைசியாகக் காதில் சொன்ன உபதேசம் இதுதான்: "பந்து கெடச்சா உட்டுடாத அன்வரு. என்ன ஆனாலும் உட்டுடாத."

ஆட்டம் தொடங்கியதும் பந்து பந்தல் பக்கமாகக் கோட்டைத் தாண்டி உருண்டது. ஓசூர்ப் பையன் ஒருவன் ஓடிப்போய் அதைக் கையால் எடுத்து, தலைக்கு மேல் தூக்கி, உள்ளே எறிந்தான். நான் நெகிழ்ந்துபோனேன். பெரியவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் காலால் உதைக்கக் கூடாது என்று எவ்வளவு பணிவு! ஓசூர்க்காரர்கள் ஓசூர்க்காரர்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நிமிடம் பந்து என் காலுக்கு வந்தது.

முதல் ஆளைத் தாண்டினேன். இரண்டாவது ஆள் காலை நீட்டினான், அவனையும் தாண்டினேன். பந்தலில் கைதட்டல் கேட்டது. அந்தக் கைதட்டல் தலைக்கு ஏறிவிட்டது. எதிரே மூன்று பேர் சேர்ந்து வழியை அடைத்துக்கொண்டு வந்தார்கள். மாட்டுச் சந்தையில் வழி அடைத்தால் என்ன செய்வோம்? சுற்றிப் போவோம். பந்தை வெளியே தட்டிவிட்டு, கோட்டை மட்டும் மிதிக்காமல் (யாரோ சிரமப்பட்டுப் போட்ட கோடு) ஒரு தாவு தாவி, பந்தலைப் பார்த்து ஓடினேன்.

விசில் அடித்தது. யாரோ பஸ் ஏறுகிறார்கள்.

நாற்காலி வரிசைக்கு முன்னால் போகும்போது அதிகாரி கண்ணில் பட்டார். பெரியவரைக் கண்டும் காணாமல் போவது மரியாதை இல்லையே. ஓடிக்கொண்டே ஒரு வணக்கம் வைத்தேன். அவரும் என்ன ஏது என்று புரியாமல் பதில் வணக்கம் வைத்தார். அதற்குள் எதிரணிப் பையன் ஒருவன் கையை ஆட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தான். தடுக்கத்தான் வருகிறான் என்று, பந்தலின் ஓரமாகத் திரும்பி, பின்பக்கம் போய்விட்டேன்.

பந்தலுக்குப் பின்னால் வேறு ஓர் உலகம். விருந்தினர்களுக்கு டீ கொதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் டிரம், வாழைப்பழத் தார், சோடா பாட்டில் பெட்டிகள். டீ மாஸ்டர் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்கு அது சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. காளை ஒன்றுதான் குறை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"அன்வரு! இங்க குட்றா!"

மாதேஷ்! மைதானத்தில் இருந்த அத்தனை பேரிலும் என்னோடு ஓடிவந்தவன் அவன் ஒருவன்தான். தண்ணீர் டிரம்முக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான். கொடுத்தேன். அவன் ஒரே தட்டில், சோடாப் பெட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே, என் வலது காலுக்குக் கச்சிதமாகத் திருப்பிக் கொடுத்தான். பெருமையாகவே சொல்கிறேன், எங்கள் இருவர் வாழ்க்கையிலும் அப்படி ஒரு பாஸ் அதற்கு முன்னும் பின்னும் அமையவில்லை. அதைப் பார்த்த ஒரே ரசிகர் அந்த டீ மாஸ்டர்.

பந்தலின் மறுமுனையில் வெளிப்பட்டபோது கோல் கம்பம் கிட்டத்தில் இருந்தது. எதிரணியின் கோலி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாங்கள் வருவோம் என்று அவன் எதிர்பார்க்கவில்லை (யார்தான் எதிர்பார்த்திருப்பார்கள்?). மறுபடி கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, ஓங்கி ஒரு அடி. பந்து வலையில் போய் விழுந்தது. வலை கட்டிய கோலில் நான் அடித்த முதல் பந்து அது. கைகளை விரித்துக்கொண்டு ஓடினேன். மாதேஷ் என் முதுகில் தாவி ஏறினான்.

வேறு யாரும் வரவில்லை. எங்கள் அணிப் பையன்களே தலையில் கை வைத்து நின்றார்கள். அப்புறம் பந்தலில் ஒருவர் சிரித்தார். அது பரவியது. நடுவர் மெதுவாக நடந்துவந்தார்.

"தம்பி, எங்க போயிட்டு வர்ற?"

"பந்தலுக்குப் பின்னாடி போயிட்டு வர்றேங்க சார்."

"விசில் அடிச்சேனே, கேக்கலையா?"

"கேட்டுதுங்க சார்."

"அந்தக் கோடு எதுக்குப் போட்டிருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியுங்க சார். ஐயா வர்றாருன்னு போட்டிருக்குது."

நடுவர் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது. விஷயம் பந்தலுக்குப் போய், அதிகாரி கண்ணீர் வரச் சிரித்ததை நானே பார்த்தேன். கோடு என்றால் என்ன என்று அப்புறம்தான் ஓர் அரூர்ப் பையன் எனக்குச் சொன்னான். அந்த நிமிடம் பூமி பிளந்திருந்தால் நானே முதல் ஆளாகக் குதித்திருப்பேன்.

பூமி பிளக்கவில்லை. அதைவிட மோசமாக, கோலுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியிலிருந்து என் அத்தா மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார். சாக்கு வாங்க வேறு ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர், எனக்குத் தெரியாமல் இங்கே வந்து நின்றிருக்கிறார். தோளில் வெறும் துண்டு. ஒரு சாக்குகூட இல்லை.

"எதுக்குங்க எம்பையனப் பாத்து எல்லாரும் சிரிக்கிறீங்க?" என்று நடுவரிடம் கேட்டார்.

"ஒன்னுமில்லீங்க பாய். அந்தக் கோல் செல்லாது."

"பந்து உள்ள போச்சா, இல்லீங்களா?"

"போச்சுங்க, ஆனா..."

"போச்சில்லீங்களா? அப்புறம் என்னங்க ஆனா?"

"பையன் கோட்ட உட்டு வெளிய போயிட்டாங்க."

"வெளிய போனாலும் திரும்பி வந்துட்டான்ல? வெளிய போயி அப்படியே வூட்டுக்கா போயிட்டான்?"

இதற்கு விதிப் புத்தகத்தில் பதில் இல்லை போலிருக்கிறது. நடுவர் அத்தாவின் தோளில் கை போட்டு, வேப்பமரம்வரை நடத்திக்கொண்டு போய், ஏதேதோ சொல்லி, நிற்கவைத்துவிட்டு வந்தார். மிச்ச ஆட்டம் முழுக்க நான் கோட்டுக்கு அருகேகூடப் போகவில்லை. பந்து அந்தப் பக்கம் வந்தாலே நடுவட்டத்தைப் பார்த்து ஓடினேன். சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். என் பெயரும் இல்லை, மாதேஷ் பெயரும் இல்லை. நடுவர் மட்டும் போகிற போக்கில் என் தலையில் தட்டி, "காலு நல்லாருக்குதுடா. மைதானத்துக்குள்ள ஓடு" என்றார்.

காரிமங்கலம் பஸ்ஸில் அத்தா என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நான் விக்கி விக்கி அழுதேன். தோற்றதற்காக மட்டும் இல்லை. ஊரே சிரிக்கும்போது அந்த மனிதர் துண்டோடு நடந்துவந்து எனக்காகச் சண்டை போட்டாரே, அவருக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லையே என்று அழுதேன்.

சொல் சொல்தான். மறுநாள் விடிந்ததும் நானே கடையைத் திறந்து, கூட்டி, கோணி ஊசியில் சணல் கோத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தா வந்தார். என்னையும் ஊசியையும் பார்த்தார்.

"இங்க என்னடா பண்ற?"

"அவுங்க எடுக்கலியே அத்தா."

"எடுக்கலன்னா? கோல் போட்டியா இல்லியா?"

"அது செல்லாதுன்னுட்டாங்களே."

"அவுங்க சொன்னா ஆச்சா? எங்கண்ணால பாத்தேன், உள்ள போச்சு. கோல் போட்டவன எடுக்கலன்னா அது அவுங்க தப்பு. நான் சொன்னது ஒழுங்கா பாத்து எடுக்கறவுங்களுக்கு. எந்திரி. அடுத்த வருசத்துக்கு இப்பலர்ந்தே ஆடு."

நான் ஊசியைப் போட்டுவிட்டு ஓடினேன். அன்று மாலையே திடலில் மாதேஷும் நானும் சாம்பலால் நாலு பக்கமும் கோடு போட்டோம். அதற்குள் அத்தா, சாக்கு வாங்க வந்த பாலக்கோட்டுக்காரர்களிடம் கதையைத் தொடங்கியிருந்தார். முதல் வாரம் நான் பந்தலைச் சுற்றி வந்தேன். அடுத்த வாரம் பந்தலைச் சுற்றி மூன்று பேரை ஏமாற்றி வந்தேன். பொங்கல் வருவதற்குள் அதிகாரியே எழுந்து நின்று எனக்கு வழிவிட்டதாக ஆகிவிட்டது.

அடுத்த வருடம் மாவட்ட அணியில் என்னை எடுத்தார்கள். அதற்கப்புறம் கல்லூரி, அதற்கப்புறம் கோவையில் ஒரு பஞ்சாலை அணி. அந்த அணிதான் எனக்கு வேலையும் கொடுத்தது. பந்து சோறும் போட்டது. அத்தா என் ஆட்டங்களுக்குக் கோவைவரை வந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஊர் திரும்புவார். "நல்லாத்தான் ஆடறானுங்க. ஆனா என்னா, எல்லாம் கோட்டுக்குள்ளயே ஓடறானுங்க" என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொள்வாராம்.

இப்போது என் மகள் நஸ்ரின் ஆடுகிறாள். சமீபத்தில் ஓர் ஆட்டத்தில் அருமையான கோல் ஒன்று போட்டாள். நன்னா என்று அவள் கூப்பிடும் என் அத்தா, தள்ளாத வயதிலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். தட்டிவிட்டு, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவரிடம், "இவ அப்பன் ஒரு கோல் போட்டான் பாருங்க, பந்தலச் சுத்தி வந்து..." என்று ஆரம்பித்தார். ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்து நின்ற நஸ்ரினுக்குப் பொறுக்கவில்லை.

"நன்னா, எத்தன வாட்டி சொல்றது? கோட்டத் தாண்டினா அவுட். அது கோலே இல்ல."

"தெரியும்" என்றார் அத்தா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னிக்கே அந்த ரெப்ரி வேப்பமரத்தடியில நிக்க வெச்சி எல்லாம் வெளக்கமா சொன்னாரும்மா. எடுக்கலன்னா ஆடக் கூடாதுன்னு நானே வாய உட்டுட்டேன். இவன் பஸ்ல வூடு வரைக்கும் அழுவறான். அதக் கோல்னு சொல்லாம வேற எதச் சொல்லி இவன எந்திரிச்சி ஆட வெக்கிறது?"

நஸ்ரின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தா மட்டும் பக்கத்து நாற்காலிக்காரர் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "இருந்தாலும் பந்து உள்ள போச்சுங்க" என்றார்.